ஜாடிக்குள் இருக்கும் லாம்ப்ரே: இந்தியாவில் வாழாத உயிரியை நம் மாணவர்கள் ஏன் படிக்கிறார்கள்?

பி.எஸ்சி. விலங்கியல் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. செய்முறைத் தேர்வு நாள். நீள மேசையில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொன்றின் முன்பும் ஒரு எண். அதில் ஒரு ஜாடிக்குள், மஞ்சள் படிந்த திரவத்தில், விலாங்கு மாதிரி நீளமாக ஒன்று கிடக்கும். வாய் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஓர் உறிஞ்சி. 'பெட்ரோமைசான், சைக்ளோஸ்டொமேட்டா' என்று எழுதி, மனப்பாடம் செய்த மூன்று பாயிண்ட்டைச் சேர்த்துவிட்டு அடுத்த ஜாடிக்கு நகர்ந்திருப்பீர்கள். அவ்வளவுதான், ஸ்பாட்டர் முடிந்தது.

நீட் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இது 11-ம் வகுப்பு உயிரியலில் வந்த ஒரு பத்தி. அதைத் தாண்டி யோசிக்க நேரம் இருந்திருக்காது.

ஆனால், நம் தாடை, காது, தைராய்டு சுரப்பி, முதுகெலும்பு ஆகியவை எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு அந்த ஒரே ஜாடியில் நிறைய பதில்கள் இருக்கின்றன. கல்லூரிகளில் விலங்குகளை வெட்டிப் படிப்பது நிறுத்தப்பட்ட பிறகு, நிஜ உடலைக் கண்ணால் பார்த்துப் படிக்க மாணவர்களுக்கு மிஞ்சியிருப்பதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஜாடிகள்தான்.

லாம்ப்ரே என்பது என்ன, ஜாடியில் எதைக் கவனிக்க வேண்டும், அது எங்கிருந்து கிடைக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லாம்ப்ரே என்பது என்ன?

பார்க்க விலாங்கு போல இருந்தாலும் லாம்ப்ரே விலாங்கு இல்லை. விலாங்குக்குத் தாடை உண்டு, எலும்பு உண்டு. லாம்ப்ரேவுக்கு இரண்டுமே கிடையாது. செதிலும் இல்லை, மற்ற மீன்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும் ஜோடித் துடுப்புகளும் இல்லை.

இன்று உலகில் வாழும் முதுகெலும்பிகளில் தாடை இல்லாதவை இரண்டே குழுக்கள்தான். ஒன்று லாம்ப்ரே, இன்னொன்று ஹேக்ஃபிஷ். மீன், தவளை, பல்லி, பறவை, மாடு, மனிதன் என்று மற்ற எல்லாமே தாடை உள்ள கிளையைச் சேர்ந்தவை.

லாம்ப்ரேயில் சுமார் 40 இனங்கள் உள்ளன. பாடப்புத்தகங்களில் வருவது கடல் லாம்ப்ரே. அதன் அறிவியல் பெயர் பெட்ரோமைசான் மரினஸ். 'பெட்ரோமைசான்' என்றால் கல்லை உறிஞ்சுவது என்று பொருள். ஆற்றில் நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போது வாயால் கல்லைப் பற்றிக்கொள்ளும். கூடு கட்டும்போது கல்லை வாயால் கவ்வி நகர்த்தும். அதனால் வந்த பெயர்.

இதன் வாழ்க்கை விநோதமானது. ஆற்று மணலில் முட்டையிலிருந்து வெளிவரும் லார்வா, சேற்றில் புதைந்து பல ஆண்டுகள் வாழும். பிறகு உருமாறி, கடலுக்கோ பெரிய ஏரிக்கோ போய், மற்ற மீன்களின் உடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். கடைசியில் மீண்டும் ஆற்றுக்கு வந்து, முட்டையிட்டு இறந்துவிடும்.

பள்ளிப் பாடத்தில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். லாம்ப்ரே என்றாலே ஒட்டுண்ணி என்று படித்திருப்போம். கடல் லாம்ப்ரே விஷயத்தில் அது சரி. ஆனால் லாம்ப்ரே இனங்களில் கணிசமானவை வளர்ந்த பிறகு எதையுமே சாப்பிடுவதில்லை. லார்வா பருவத்தில் சேமித்த சக்தியிலேயே இனப்பெருக்கம் செய்து முடித்துவிடும்.

இந்தியாவில் ஏன் இல்லை?

லாம்ப்ரேவுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். வட அரைக்கோளத்தில் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் போன்ற பகுதிகளிலும், தென் அரைக்கோளத்தில் சிலி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் அவை வாழ்கின்றன. இடையில் உள்ள வெப்பமண்டலம் அவற்றுக்கு ஒத்துவராது. காவிரியிலோ கங்கையிலோ வலை வீசினால் கிடைக்காது.

அதே அலமாரியில் பக்கத்து ஜாடியில் இருக்கும் பலானோகுளோசஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வகைப் புழு ராமேஸ்வரம் அருகே உள்ள குருசடைத் தீவில் வாழ்கிறது. மீனும் தவளையும் நம் ஊரிலேயே உண்டு. லாம்ப்ரே அப்படி அல்ல. இந்திய மாணவருக்கு அது எப்போதுமே வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு ஜாடி, அல்லது ஒரு படம். ஜாடி உடைந்தாலோ, திரவம் வற்றி உள்ளே இருப்பது காய்ந்துபோனாலோ, கடற்கரைக்குப் போய் இன்னொன்று பிடித்து வர முடியாது.

வெளியிலிருந்து என்ன தெரியும்?

நல்ல நிலையில் உள்ள ஒரு மாதிரியை வெட்டாமலே நிறைய படிக்கலாம். தலையிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் வாய். வட்டமான தட்டு போன்ற அமைப்பு, அதில் வளையம் வளையமாகப் பற்கள். இவை நம் பற்களைப் போல எனாமலும் டென்டினும் கொண்டவை அல்ல. நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ அதே கெரட்டினால் ஆன கூம்புகள். நடுவில் நாக்கு, அதிலும் பற்கள். வாய்த்தட்டு மீனைப் பிடித்துக்கொள்ளும், நாக்கு பிஸ்டன் போல முன்னும் பின்னும் போய்த் தோலைச் சுரண்டும். சுரப்பிகளிலிருந்து வரும் திரவம் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும்.

அடுத்து மூக்கு. தலையின் உச்சியில், நட்ட நடுவில், ஒரே ஒரு துளை. அது உள்ளே போய் மூளைக்கு அடியில் ஒரு பையில் முடிகிறது, தொண்டையோடு இணைவதில்லை. ஹேக்ஃபிஷ்ஷில் இந்த வழி தொண்டைக்குள் திறக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது கேட்கப்படும் முக்கியமான வித்தியாசம் இது.

மூக்குத் துளைக்குச் சற்றுப் பின்னால் தோல் வெளிறிய ஒரு சிறு புள்ளி தெரியும். அதன் கீழே வெளிச்சத்தை உணரும் பினியல் உறுப்பு இருக்கிறது. நம் மூளைக்குள் ஆழத்தில் இருந்து, தூக்கத்தை ஒழுங்குபடுத்தும் மெலடோனினைச் சுரக்கும் பினியல் சுரப்பிக்கு இது உறவு.

பக்கவாட்டில், கண்ணுக்குப் பின்னால், வரிசையாக 7 வட்டத் துளைகள். இவை செவுள் திறப்புகள். இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். சாதாரண மீன் வாய் வழியே தண்ணீரை எடுத்து செவுள் வழியே விடும். வாயையே இன்னொரு மீன் மேல் ஒட்டிவைத்திருக்கும் லாம்ப்ரே எப்படி மூச்சு விடும்?

பதில் அந்த 7 துளைகளிலேயே இருக்கிறது. தண்ணீர் அதே துளை வழியே உள்ளே போய், அதே துளை வழியே வெளியே வருகிறது. தொண்டைக்குள்ளும் இதற்கேற்ற ஏற்பாடு உண்டு: வளர்ந்த லாம்ப்ரேயில் உணவுக்குழாய் மேலே தனியாகவும், செவுள்களுக்கான குழாய் கீழே தனியாகவும் பிரிந்திருக்கும். கீழ்க்குழாயின் பின்முனை மூடியிருக்கும். சாப்பாடும் சுவாசமும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாது. 'செவுள் திறப்புகள் 7 ஜோடி' என்று மனப்பாடம் செய்யும் வரிக்குப் பின்னால் உள்ள காரணம் இதுதான்.

உள்ளே என்ன இருக்கிறது?

உள் உறுப்புகளைக் காட்ட, நீளவாக்கில் பாதியாக வெட்டித் தயாரித்த மாதிரிகளும், குறுக்குவெட்டு ஸ்லைடுகளும் பயன்படுகின்றன. சில மாதிரிகளில் ரத்தக்குழாய்களுக்குள் வண்ண லேடெக்ஸ் செலுத்தியிருப்பார்கள்.

முதலில் கண்ணில் படுவது முதுகுநாண். விரல் தடிமனுக்கு, வழவழப்பான ஒரு தண்டு, தலைக்குப் பின்னாலிருந்து வால் வரை ஓடும். நமக்கும் கருவில் முதுகுநாண் உருவாகிறது. பிறகு அதன் இடத்தை முதுகெலும்பு எடுத்துக்கொள்ள, முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க்கின் நடுப்பகுதியில் மட்டுமே அதன் மிச்சம் தங்குகிறது. லாம்ப்ரேயில் அது ஆயுள் முழுக்க இருக்கும். அதன் மேல், தண்டுவடத்தின் இருபுறமும், சின்னச் சின்னக் குருத்தெலும்புத் துண்டுகள் தெரியும். லாம்ப்ரேயின் 'முதுகெலும்பு' அவ்வளவே. முதுகெலும்பு என்ற அமைப்பு எவ்வளவு எளிமையாக இருக்க முடியும் என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

தண்டுவடமும் வித்தியாசமானது. உருண்டையாக இல்லாமல் ரிப்பன் போலத் தட்டையாக இருக்கும். நம் நரம்புகளைச் சுற்றி மின்கம்பிக்கு இன்சுலேஷன் போல மயலின் உறை உண்டு. லாம்ப்ரேவுக்கு அது கிடையாது. வேகமாகச் சேதி போக வேண்டிய இடங்களில் நரம்பிழைகளே மிகத் தடிமனாக இருக்கின்றன.

உள்காதில் நமக்கு 3 அரைவட்டக் குழல்கள். லாம்ப்ரேவுக்கு 2. செவுள்களைத் தாங்கும் குருத்தெலும்புக் கூடை, தாடையுள்ள மீன்களில் இருப்பது போல உட்புறத்தில் இல்லாமல், வெளிப்புறத்தில் இருக்கும். தாடையுள்ள கிளையில், தொண்டைப் பகுதியின் முதல் வளைவிலிருந்துதான் தாடை உருவாகிறது. பிற்காலத்தில் பாலூட்டிகளில் அந்தத் தாடையின் சில எலும்புகளே சிறுத்து, நடுக்காதின் குட்டி எலும்புகளாக மாறின. தாடை வருவதற்கு முன் முதுகெலும்பியின் தலை எப்படி இருந்திருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க இன்று உயிரோடு இருக்கும் அரிய துணைகளில் ஒன்று லாம்ப்ரே.

ஓர் எச்சரிக்கை. லாம்ப்ரே நம் 'மூதாதையர்' இல்லை. அதுவும் நம்மைப் போலவே நீண்ட காலம் தனிக்கிளையாகப் பரிணமித்து வந்த ஒரு தூரத்து உறவு. அதன் உறிஞ்சு வாயும் கெரட்டின் பற்களும் அந்தக் கிளைக்கே உரியவை. ஆனால் அடிப்படை உடலமைப்பு வெகுகாலமாகப் பெரிதாக மாறவில்லை. தென்னாப்பிரிக்காவில் கிடைத்து 2006-ல் விவரிக்கப்பட்ட ப்ரிஸ்கோமைசான் என்ற புதைபடிவம் சுமார் 36 கோடி ஆண்டுகள் பழமையானது. அதிலேயே வட்ட உறிஞ்சு வாய் தெளிவாகத் தெரிகிறது.

ஸ்லைடில் இருக்கும் குட்டிப் புழு

ஜாடிக்குப் பக்கத்தில் 'அம்மோசீட்' என்று எழுதிய ஸ்லைடு ஒன்று இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். அது லாம்ப்ரேயின் லார்வா. கண் சரியாக வளர்ந்திருக்காது, பல் கிடையாது, தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும். பெரியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும். அந்தக் காலத்து விஞ்ஞானிகளும் ஏமாந்தார்கள்; இதைத் தனி விலங்கு என்றே நினைத்துத் தனிப்பெயரும் வைத்தார்கள். 1856-ல் ஜெர்மன் விலங்கியலாளர் ஆகஸ்ட் முல்லர், இது லாம்ப்ரேயின் இளம்பருவமே என்று நிரூபித்தார்.

இந்த லார்வாவின் தொண்டைக்கு அடியில் எண்டோஸ்டைல் என்ற உறுப்பு இருக்கிறது. உணவை வடிகட்ட உதவும் உறுப்பு. உருமாற்றத்தின்போது இது தைராய்டு சுரப்பியாக மாறுகிறது. நம் கழுத்தில் இருக்கும், பலரும் மாத்திரை போட்டுக்கொண்டு கவனிக்கும், அந்தத் தைராய்டின் பரிணாமப் பின்னணியை ஒரே விலங்கின் வாழ்நாளுக்குள் பார்க்க முடிகிறது.

இன்னொரு மாற்றமும் உண்டு. லார்வாவில் பித்தப்பையும் பித்தக்குழாய்களும் இருக்கும். உருமாறும்போது இரண்டுமே மறைந்துவிடும். மனிதக் குழந்தைகளில் பித்தக்குழாய் அடைபட்டால் கல்லீரல் கெட்டு உயிருக்கே ஆபத்து. லாம்ப்ரே மட்டும் எப்படிச் சமாளிக்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் படித்து வருகிறார்கள்.

ஃப்ராய்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உளப்பகுப்பாய்வு என்றதும் நினைவுக்கு வரும் சிக்மண்ட் ஃப்ராய்டு, மாணவராக இருந்தபோது வியன்னாவில் எர்ன்ஸ்ட் ப்ரூக்கேயின் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்து படித்தது லாம்ப்ரேயின் தண்டுவடத்தைத்தான். 1877-லும் 1878-லும் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்.

இன்றும் நரம்பியலில் லாம்ப்ரேவுக்கு மவுசு குறையவில்லை. நீந்தும்போது உடல் அலை அலையாக அசைவதற்கான தாளத்தைத் தண்டுவடமே எப்படி உருவாக்குகிறது என்பதை ஸ்வீடனின் ஸ்டென் க்ரில்னர் போன்றவர்கள் இதில்தான் விரிவாக ஆராய்ந்தார்கள். தண்டுவடம் முழுக்க வெட்டுப்பட்டாலும், சுமார் 3 மாதங்களில் லாம்ப்ரே மறுபடி நீந்தத் தொடங்கிவிடும். தண்டுவடக் காயம்பட்ட மனிதர்களுக்கு இன்னும் கிடைக்காத வரம் அது.

இவை எங்கிருந்து கிடைக்கின்றன?

அமெரிக்கா, கனடா எல்லையில் உள்ள பேரேரிகளில் கடல் லாம்ப்ரே ஒரு பெரிய தொல்லை. நயாகரா அருவி இயற்கைத் தடுப்பாக இருந்தவரை மேல் ஏரிகளுக்கு அவை போகவில்லை. கப்பல்களுக்காக வெட்டப்பட்ட வெல்லண்ட் கால்வாய் அந்தத் தடுப்பைச் சுற்றி வழி திறந்துவிட்டது. 1921-ல் ஈரி ஏரியில் தென்பட்டது. 1930-களின் இறுதிக்குள் மேல் ஏரிகளுக்கும் பரவியது. கடலில் பெரிய மீன்களோடு சேர்ந்து வாழப் பழகிய ஒட்டுண்ணி, ஏரியின் ட்ரௌட் மீன்களைக் கொன்று குவித்தது. மீன்பிடித் தொழிலே நொடிந்தது.

1955-ல் இரு நாடுகளும் சேர்ந்து பேரேரிகள் மீன்வள ஆணையத்தை அமைத்தன. ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களைச் சோதித்து, லாம்ப்ரே லார்வாக்களைக் கொல்லும் டி.எஃப்.எம். என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். முட்டையிட ஆற்றுக்கு வரும் பெரிய லாம்ப்ரேக்களைப் பொறி வைத்தும் பிடிக்கிறார்கள். இப்படிப் பிடிபடுபவை ஆராய்ச்சிக்கும் வகுப்பறைகளுக்கும் பயன்படுகின்றன. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒப்பீட்டு உடற்கூறியல் வகுப்பு பெரும்பாலும் லாம்ப்ரேயில் தொடங்கி, நாய்ச்சுறா வழியாகப் பூனை வரை போகும்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் நிலைமை தலைகீழ். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இதே கடல் லாம்ப்ரே பாதுகாக்க வேண்டிய இனம். அணைகளும் மாசும் அதன் வழியை அடைத்துவிட்டன. 2012-ல் இங்கிலாந்து ராணியின் வைர விழாவுக்குக் க்ளஸ்டர் நகரம் மரபுப்படி லாம்ப்ரே பை செய்து கொடுத்தபோது, அதற்கான லாம்ப்ரேயே வட அமெரிக்கப் பேரேரிகளிலிருந்துதான் வந்தது. ஒரே உயிரி, ஓர் இடத்தில் பூச்சிமருந்து அடிக்கப்படும் தொல்லை, இன்னோர் இடத்தில் காப்பாற்றப்பட வேண்டிய அரிய இனம். அதனால் எந்த மாதிரியைப் பார்த்தாலும் எந்த நீர்நிலையிலிருந்து வந்தது என்ற கேள்வி முக்கியம். அதற்குப் பதில் ஜாடியின் லேபிளில்தான் இருக்கும்.

ஃபார்மலின்: ஏன், எவ்வளவு ஜாக்கிரதை?

உடல் அழுகாமல் இருக்கக் காரணம் ஃபார்மால்டிஹைடு. அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து உறைய வைக்கிறது. கிருமிகளும் சிதைக்கும் நொதிகளும் செயலிழக்கின்றன. 1893-ல் ஃபெர்டினாண்ட் ப்ளும் இந்தப் பயனைக் கண்டறிந்தார். கடையில் கிடைக்கும் ஃபார்மலினை ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து பயன்படுத்துவது வழக்கம். இதைத்தான் '10% ஃபார்மலின்' என்கிறோம். உண்மையில் அதில் ஃபார்மால்டிஹைடு சுமார் 4% தான்.

இதற்கு விலை உண்டு. நிறம் போய்விடும், திசு விறைத்துவிடும், டி.என்.ஏ. எடுப்பது கடினமாகிவிடும். அதைவிட முக்கியம், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. கண் எரியுது, மூக்கு எரியுது என்று மாணவர் சொன்னால் அதைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. ஜாடியைத் திறக்க வேண்டியிருந்தால் காற்றோட்டம், கையுறை, கண்ணாடி கட்டாயம். மாதிரியைத் தொடுவதற்கு முன் தண்ணீரில் நன்கு அலச வேண்டும். பழைய ஃபார்மலினை சிங்க்கில் கொட்டக் கூடாது. பல இடங்களில் ஃபார்மலினில் பதப்படுத்திய பிறகு 70% ஆல்கஹாலுக்கு மாற்றிவிடுவது இதனால்தான்.

வெட்டக் கூடாது என்றால் எப்படிப் படிப்பது?

1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே, புத்தகம், மாடல், திரைப்படம் போன்றவை போதுமென்றால் விலங்குகள் மீது சோதனை நடத்துவதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2011-ல் விலங்கியல் வகுப்புகளில் வெட்டிப் படிப்பதைப் படிப்படியாகக் குறைக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. 2014-ல் அதை நிறுத்தச் சொன்னது. வகுப்பறைக்காகத் தவளைகளும் சுறாக்களும் பெருமளவில் கொல்லப்பட்டதற்கு இது ஒரு முற்றுப்புள்ளி. அந்த முடிவில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதற்குப் பிறகு வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. கணினி மாடலில் எல்லா உறுப்பும் தனித்தனி நிறத்தில், சுத்தமாக இருக்கும். அது ஏற்கனவே ஒருவர் பார்த்துப் புரிந்துகொண்டு வரைந்தது. எந்த உறுப்பு எங்கே முடிகிறது என்று மாணவர் தானாகத் தேட வேண்டிய வேலை அதில் இல்லை. நிஜ மாதிரியில் ஒன்று இன்னொன்று போல இருக்காது; வயிறு முழுக்க முட்டை நிறைந்த பெண் லாம்ப்ரே ஒன்று, மெலிந்த ஆண் ஒன்று என்று வேறுபடும். மறுபக்கம், செவுள் துளைகள் துடிப்பதையும் உடல் நெளிவதையும் எந்த ஜாடியும் காட்டாது; அதற்கு வீடியோதான் சரி. இரண்டும் சேர்ந்தால்தான் பாடம் முழுமையாகும்.

பழைய ஜாடியைத் தூக்கிப் போடலாமா?

புதிதாக ஒரு விலங்கையும் கொல்லாமல் படிக்க இருக்கும் வழிகளில், ஏற்கனவே அலமாரியில் இருப்பதைக் காப்பாற்றுவது முதன்மையானது. அதற்குப் பெரிய செலவும் இல்லை.

• திரவ அளவை ஆண்டுக்கு ஒரு முறையாவது பாருங்கள். மூடி சரியாக இல்லையென்றால் திரவம் ஆவியாகி, மாதிரியின் மேல்பகுதி காய்ந்துவிடும். காய்ந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது சிரமம்.

• உள்ளே இருப்பது ஃபார்மலினா, ஆல்கஹாலா என்று தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள். என்ன திரவம் என்பதையும் லேபிளில் எழுதுங்கள்.

• லேபிள் கிழிந்திருந்தால் உடனே நகல் எடுங்கள். இனம், இடம், ஆண்டு ஆகிய மூன்றும் இல்லாத மாதிரி பாதி மதிப்பை இழந்துவிடுகிறது.

• வெயில் படாத இடத்தில் வையுங்கள். பல கோணங்களில் நல்ல படங்கள் எடுத்து வகுப்புக்குப் பகிருங்கள். தினமும் ஜாடியைத் தூக்கித் திருப்ப வேண்டியிருக்காது.

படிக்கும் மாணவருக்கு ஒரு யோசனை. அடுத்த முறை அந்த ஜாடிக்கு முன்னால் நிற்கும்போது பெயரை எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு, 'வாய் ஒட்டியிருக்கும்போது இது எப்படி மூச்சு விடும்?' என்று உங்களையே கேளுங்கள். விடை தேடி 7 துளைகளையும் எண்ணிப் பார்த்தால், மூன்று பாயிண்ட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது.